வாயில் தெருவை நோக்கும், கூடம் கிப்லாவை நோக்கும்: சிங்கப்பூர் நகர மையத்தில் சூலியர் தடங்கள்

சிங்கப்பூருக்குப் பயணம் செல்லும் நம் குடும்பங்கள் பார்த்துவரும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சிராங்கூன் சாலைக் கடைகள், செந்தோசாத் தீவு, நீர் உமிழும் சிங்கச் சிலை, சுல்தான் பள்ளிவாசல். இவற்றில் குறையொன்றும் இல்லை. ஆயினும் ராஃபிள்ஸ் பிளேஸ் தொடங்கி தஞ்சோங் பகார் வரை விரிந்திருக்கும் நகர மையத்தை நம்மில் பலர் வெறும் வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த பகுதி என்றெண்ணிக் கடந்துவிடுகிறோம். நம் முன்னோர் அந்நகரில் முதலில் கால்வைத்ததும், சுமை இறக்கியதும், தொழுகைக்கு இடம் கண்டதும் அந்தப் பகுதியில்தான். அரை நாள் நடையில் அடங்கிவிடும் அந்த இடங்களையும் அவற்றின் வரலாற்றையும் இங்கே காண்போம். அந்த வரலாறு நம்மிடம் எழுப்பும் வினா ஒன்றையும் இறுதியில் எண்ணிப் பார்ப்போம்.

நடையை ஆற்றங்கரையில் தொடங்குவது முறை. 1819ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் இங்கே வணிகத் தளம் அமைத்தார். துறைமுகத்தில் சுங்கம் இல்லை என்ற செய்தி பரவியதும் பல நாட்டு வணிகர்கள் வந்து குவிந்தனர். பினாங்கிலும் மலாக்காவிலும் முன்னரே வணிகம் செய்துவந்த சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அவர்களுள் முந்தி வந்தவர்கள். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து வந்த இம்மக்களை அந்நாளைய ஆவணங்கள் ‘சூலியா’ என்று குறிக்கின்றன. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் ஒவ்வோர் இனத்தார்க்கும் தனித்தனிக் குடியிருப்பு வகுத்து நகரத் திட்டம் வரையச் செய்தபோது, ஆற்றின் தென்கரையில் ‘சூலியா கம்போங்’ என ஒரு பகுதி குறிக்கப்பட்டது. புதிய நகரின் முதல் வரைபடத்திலேயே நம்மவர்க்கு ஓரிடம் இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

அவர்கள் எல்லோரும் பெருவணிகர் அல்லர். துணியும் மணியும் விற்றவர் சிலர். கூலிகளாகவும் படகோட்டிகளாகவும் வந்தவர் பலர். பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய இயலாமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலிருந்து சரக்கைத் தொங்கான்களில் ஏற்றி ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவர வேண்டும். நகரின் தொடக்கக் காலத்தில் இந்தப் படகுத் தொழில் பெரும்பாலும் சூலியர் கையில் இருந்தது. பின்னர் அது சீனர் வசமாயிற்று. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணியின் ஒரு பகுதியாக 1983ஆம் ஆண்டு தொங்கான்கள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு மாற்றப்பட்டன. அவை மோதி நின்ற படித்துறைகளை ஒட்டி இன்று உணவகங்களின் மேசைகள் போடப்பட்டிருக்கின்றன. வந்து அமர்வோர்க்கு அங்கே தமிழ்க்குரல் ஒலித்த காலம் நினைவுக்கு வர வழியில்லை.

ஆற்றங்கரைக்கு அருகில் இன்றும் ‘சூலியா தெரு’ என்ற பெயர்ப்பலகை நிற்கிறது. அப்பெயர் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. ‘கிளிங் தெரு’ என்பதே அதன் பழைய பெயர். கலிங்கம் என்னும் சொல்லின் வழிவந்ததாகக் கருதப்படும் ‘கிளிங்’, காலப்போக்கில் இந்தியரை இழிவாகச் சுட்டும் சொல்லாகிவிட்டது. இந்தியச் சமூகத்தாரின் எதிர்ப்பையடுத்து 1920களின் தொடக்கத்தில் அத்தெரு சூலியா தெருவாகப் பெயர் மாற்றம் பெற்றது. ஒரு பெயர்ப்பலகைதானே என்று எண்ணலாம். ஆனால் தம்மை இழிவாக அழைக்க ஒப்பாமல் முறையாகக் கேட்டுப் பெற்ற மதிப்பு அந்தப் பலகையில் இருக்கிறது. பிள்ளைகளை அதன் கீழே நிறுத்திப் படம் எடுக்கும்போது இதையும் சொல்லிவைப்பது நல்லது.

சற்றுத் தள்ளி ராஃபிள்ஸ் பிளேஸ். இதற்கும் கோலியர் கீ கடற்கரைச் சாலைக்கும் இடையே ‘சேஞ்ச் ஆலி’ என்றொரு குறுகிய சந்து இருந்தது. கப்பல்களிலிருந்து இறங்கிய மாலுமிகளும் பயணிகளும் பல நாட்டுப் பணத்தோடு அங்கே நுழைவார்கள். கைக்கடிகாரம், பேனா, துணி, பை எனப் பலவற்றையும் பேரம் பேசி வாங்குவார்கள். அந்தச் சந்தில் நாணயம் மாற்றித் தரும் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் பெயர் பெற்றிருந்தனர். பல மொழிகளில் எண்ணத் தெரிந்திருப்பதும், அன்றைய மாற்று விலையை மனத்திலேயே கணக்கிடுவதும், வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் காப்பதும் அத்தொழிலின் முதலீடுகள். 1989ஆம் ஆண்டு பழைய சந்து இடிக்கப்பட்டது. அதன் பெயர் மட்டும் புதிய கட்டடங்களின் வழியே செல்லும் குளிரூட்டிய நடைவழிக்கு வாய்த்திருக்கிறது. அருகிலுள்ள மார்க்கெட் தெருவை அக்காலத் தமிழர் ‘செட்டித் தெரு’ என்பர். வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்கே நிறைந்திருந்தன. சூலியரும் நகரத்தாரும் ஒரே கடல் கடந்து வந்து அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தவர்கள்.

இப்பகுதியில் பார்க்கத்தக்க பள்ளிவாசல் ஒன்று தரைக்குக் கீழே இருக்கிறது. மவ்லானா முஹம்மத் அலி பள்ளிவாசல் என்பது அதன் பெயர். விண்ணை முட்டும் வங்கிக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் அது அமைந்துள்ளது. குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. படியிறங்கிச் சென்றால் ஒளூச் செய்யும் குழாய்களும் விரிப்பும் வரிசையாக நிற்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். லுஹர் நேரத்தில் கழுத்துப்பட்டை அணிந்த அலுவலரும், கட்டடத்தைத் துப்புரவு செய்பவரும், பொதி கொண்டுவந்து கொடுக்கும் இளைஞரும் அங்கே தோளோடு தோள் நிற்பதைக் காணலாம். மேலே அவர்கள் வெவ்வேறு மாடிகளில் வெவ்வேறு ஊதியம் பெறுபவர்கள். கீழே அவர்களுக்கு ஒரே ஸஃப்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலையை அடைந்து சற்று நடந்தால் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் வந்துவிடும். அன்சார் சாகிபு என்பவரின் முன்னிலையில் சூலியர் 1826ஆம் ஆண்டு இதைத் தோற்றுவித்தனர். இன்று நாம் காணும் கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையில் எழுந்தது. ‘பெரிய பள்ளி’ என்பது மக்கள் வழக்கு. தெருவை ஒட்டி எண்கோண வடிவில் இரு மினாராக்கள் அடுக்கடுக்காக உயர்கின்றன. அவற்றுக்கிடையே சின்னஞ்சிறு வாயில்களும் சாளரங்களும் கொண்ட ஓர் அரண்மனை முகப்பு, பொம்மை வடிவில் செதுக்கியதுபோல் நிற்கிறது. நாகூரையும் சோழமண்டலக் கரையின் பிற பள்ளிவாசல்களையும் கண்டவர்க்கு அதன் சாயல் உடனே புலப்படும். உள்ளே சென்றாலோ ஐரோப்பியப் பாணித் தூண்கள், பச்சை மெருகிட்ட சீன ஓட்டுக் கிராதிகள். கையில் கிடைத்த கைவினைஞர்களைக் கொண்டு, ஊரின் நினைவை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்றுண்டு. முகப்பு வாயில் சாலையின் போக்குக்கு இசைந்து நேராக நிற்கிறது. உள்ளே தொழுகைக் கூடம் அதற்கு இணையாக இல்லை. சற்றுத் திரும்பியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிப்லா மேற்குக்குச் சற்று வடக்கே. தெருக்களோ ஆங்கிலேயப் பொறியாளர் அளந்து வகுத்தவை. நகரத்தின் ஒழுங்கை மீறி வாயிலைக் கோணலாக வைக்கவில்லை. அந்த ஒழுங்குக்காகத் தொழுகையின் திசையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. வாயில் தெருவுக்கு, கூடம் கிப்லாவுக்கு. பிற சமயத்தார் பெரும்பான்மையாக வாழும் வணிக நகரில் ஒரு முஸ்லிம் எவ்வாறு வாழ்வது என்பதற்கு எழுதி வைத்த விதிகள் அவர்களிடம் இருந்தனவோ இல்லையோ, கட்டி வைத்த விடை இருக்கிறது.

அந்த வாயிலுக்கு வெளியே நின்று இருபுறமும் பார்த்தால் அக்கம்பக்கத்தாரும் தெரிவர். பள்ளிவாசலை ஒட்டிய தெருவுக்கு ‘மாஸ்க் தெரு’ என்றே பெயர். சில அடிகள் நடந்தால் 1827ஆம் ஆண்டு நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில். அதன் கோபுரத்தை வைத்தே அடுத்த தெருவுக்குப் ‘பகோடா தெரு’ என்று பெயர் வந்தது. சுற்றியிருப்பதோ சீனர் வட்டாரம். அந்தச் சிறு நிலப்பரப்பில் இவ்வழிபாட்டு இடங்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அருகருகே இருந்துவருகின்றன.

பள்ளிவாசலிலிருந்து பத்து நிமிட நடையில் தெலுக் ஆயர் தெரு. மலாய் மொழியில் அதற்குத் தண்ணீர் விரிகுடா என்பது பொருள். இன்று அங்கே நின்று கடலைத் தேடினால் கிடைக்காது. 1879இல் தொடங்கிய பெரும் பணியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரை, அத்தெருதான் கரை. மரக்கலத்திலிருந்து இறங்கியவர் முதலில் மிதித்த மண் அது. பல வாரக் கடற்பயணத்துக்குப்பின் உயிரோடு கரை சேர்ந்தவர் நன்றி கூற விரும்பியது இயல்பு. அதனால்தான் அந்த ஒரே தெருவில் மூன்று வழிபாட்டு இடங்கள் வரிசையாக எழுந்தன. முதலில் நாகூர் தர்கா, அடுத்து ஹொக்கியன் சீனரின் தியன் ஹொக் கெங் கோயில், அதற்கப்பால் அல் அப்ரார் பள்ளிவாசல். சீனர் கோயில் கடல்தெய்வத்துக்கு 1839க்கும் 1842க்கும் இடையில் கட்டப்பட்டது. நம்மவரின் இரண்டும் அதற்கு முற்பட்டவை.

நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக எழுந்த இதில் கபுறு இல்லை. கடலோடிகளின் மனத்தில் அப்பெரியாருக்கு இருந்த இடத்தைக் காட்டும் சின்னம் அது. அதற்குரிய நிலம் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு, வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையுடன் வழங்கப்பட்டது. தர்காக்கள் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை ஆராய்வது இங்கே நம் நோக்கமன்று. அந்நிய மண்ணில் இறங்கிய ஒரு தோணிக்காரர் தம் ஊரின் மினாராவைச் சிறு வடிவிலேனும் கண்முன் நிறுத்த விரும்பியதை மட்டும் நினைத்துப் பார்ப்போம். கட்டடம் பழுதுற்று நெடுங்காலம் மூடப்பட்டிருந்து, செப்பனிடப்பட்டு, 2011ஆம் ஆண்டு முதல் இந்திய முஸ்லிம் மரபு நிலையமாகத் திகழ்கிறது.

அல் அப்ரார் பள்ளிவாசலின் மக்கள் வழக்குப் பெயர் ‘குச்சுப் பள்ளி’. குச்சு என்றால் சிறு குடிசை. 1827இல் அது உண்மையிலேயே ஓலைக் குடிசையாகத்தான் தொடங்கியது. 1850க்கும் 1855க்கும் இடையில் செங்கல் கட்டடமாயிற்று. குடிசை போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயர் போகவில்லை. எளிய தொடக்கத்தை மறைக்காமல் பெயரிலேயே சுமந்து நிற்கும் பள்ளிவாசல் அது. கடைவீடுகளின் முன்னால் செல்லும் நடைபாதையைச் சிங்கப்பூர்த் தமிழர் ‘அஞ்சடி’ என்பர். அந்த அஞ்சடியோடு போகிறவர் அடுத்த கடைவீடு என்று எண்ணிக் கடந்துவிடும் அளவுக்கு அது தெருவோடு ஒன்றியிருக்கிறது.

இந்த நகர மையம் வணிகர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தெற்கே தஞ்சோங் பகார் வட்டாரத்தில் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் இருந்தன. ஆடவர் தனியே வந்து பொருளீட்டித் திரும்பிய காலத்திலேயே கடையநல்லூரார் மனைவி மக்களோடு வந்து குடியமர்ந்தவர்கள். அவர்களின் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். அம்மக்கள் 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர். போர்க்காலத் துன்பங்கள் ஓய்ந்தபின், 1946ஆம் ஆண்டு அவ்வமைப்பு ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிற்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். மேக்ஸ்வெல் சாலையில் இயங்கிய அப்பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. முஸ்லிம்கள் தொடங்கியது எனினும் எல்லாச் சமயப் பிள்ளைகளும் அங்கே தமிழ் வழியில் பயின்றனர். ஆங்கிலவழிக் கல்வியை நாடும் போக்கு மிக, 1982ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. அந்நகரின் தமிழ் இதழியலிலும் நம்மவர் பங்கு உண்டு. சி.கு. மகுதூம் சாயபு 1887ஆம் ஆண்டு தொடங்கி ‘சிங்கை நேசன்’ வார இதழை நடத்தினார். சரக்கு ஏற்றிய கைகளும் எழுத்துக் கோத்த கைகளும் ஒரே சமூகத்தின் கைகள்தாம்.

பிறகு என்ன நடந்தது? 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1966இல் நிலக் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. நெரிசலும் சுகாதாரக் கேடும் மிகுந்த பழைய கடைவீடுகளிலிருந்து மக்கள் புதிய அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். குழாய் நீரும் கழிவறையும் காற்றோட்டமும் உள்ள வீடு கிடைத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த மஹல்லா கலைந்தது. ஒரே தெருவில் இருந்த உறவுகள் தோ பாயோவுக்கும் பிடோக்குக்கும் பிற நகரங்களுக்கும் பிரிந்தன. புதிய குடியிருப்புகளில் பள்ளிவாசல் கட்ட வேண்டி 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி ஏற்பட்டது. உழைப்பவர் ஒவ்வொருவரின் ஊதியத்திலிருந்தும் மாதந்தோறும் சிறு தொகை சேர்ந்தது. 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. இடம்பெயர்ந்தோர் என்ற பெயரே அன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறது.

குடியிருப்போர் போய்விட்ட நகர மையத்தில், தங்கத்தின் விலை கொண்ட நிலத்தில், சிறிய பழைய பள்ளிவாசல்கள் மட்டும் எவ்வாறு எஞ்சின? காரணங்கள் பல. சொத்தை அல்லாஹ்வின் பெயரால் நிறுத்திவைக்கும் வக்ஃபு மரபு ஒன்று. அறக்கட்டளைகளைக் கண்காணிக்க 1905இல் வந்த சட்டமும், 1968இல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றமும் மற்றொன்று. ஜாமிஆ சூலியா, அல் அப்ரார், நாகூர் தர்கா மூன்றும் 1974ஆம் ஆண்டு தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டது இன்னொன்று. இவற்றோடு மிக எளிய காரணம் ஒன்றும் உண்டு. அங்கே தொழுகை நிற்கவில்லை. குடியிருந்தோர் போனபின் வேலைக்கு வருவோர் அவ்விடத்தை நிரப்பினர். வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தத் தெருக்களில் நின்று பார்த்தால் இது விளங்கும். அலுவலகங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் கட்டுமானத் தளங்களிலிருந்தும் மக்கள் விரைந்து வருகிறார்கள். தமிழில் குத்பா கேட்கிறார்கள். தொழுகை முடிந்ததும் கலைந்து அவரவர் பிழைப்புக்குத் திரும்புகிறார்கள். ஜும்ஆ அத்தியாயம் கற்பிக்கும் ஒழுங்கு அதுவேயன்றோ.

நம்முன் நிற்கும் வினா இதுதான். ஒரு கட்டடத்தைக் காப்பது எளிது. அரசின் ஆணையும் நிதியும் இருந்தால் சுவரும் மினாராவும் நிற்கும். அதன் உள்ளே ஒலிக்கும் மொழியையும் பழக்கத்தையும் எந்த ஆணையாலும் காக்க இயலாது. தமிழ்க் குத்பாவை விளங்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கும்வரைதான் அது தமிழ்க் குத்பா. இன்று ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தொழிலாளர்கள் முன் வரிசைகளில் அமர்ந்து அதைக் கேட்கிறார்கள். இரு நூறு ஆண்டுகளுக்குமுன் தொங்கான் ஓட்டியவர்களின் இடத்தில் இன்று இருப்பவர்கள் அவர்களே. அங்கேயே பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளோ ஆங்கிலத்தில் சிந்திக்கப் பழகிவிட்டார்கள். உமறுப் புலவர் பெயரில் இருந்த பள்ளிக்கூடம் மூடப்பட்டதற்கு யாரையும் பழிப்பதில் பயனில்லை. பெற்றோரே பிள்ளைகளை அங்கே சேர்க்காது விட்டால் எந்தப் பள்ளிக்கூடமும் நிலைக்காது. இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் ஊர்களிலும் இதே போக்கைக் காண்கிறோம்.

எனவே அந்நகருக்குச் செல்லும் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். லுஹருக்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஆற்றங்கரையில் நடையைத் தொடங்குங்கள். சூலியா தெருவின் பெயரைப் பிள்ளைகளை வாசிக்கச் செய்யுங்கள். பெரிய பள்ளியின் வாயிலில் நின்று, கூடம் ஏன் திரும்பியிருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். அங்கே லுஹரைத் தொழுங்கள். பின்னர் தெலுக் ஆயர் தெருவுக்குச் சென்று, மரபு நிலையத்தைக் கண்டு, குச்சுப் பள்ளியிலும் இரு ரக்அத் தொழுங்கள். பசித்தால் அருகிலேயே லாவ் பா சாட் இருக்கிறது. 1894இல் வார்ப்பிரும்புத் தூண்களால் எழுந்த எண்கோணச் சந்தை அது. ஹலால் சான்றுள்ள கடைகளைப் பார்த்துத் தேர்ந்து உண்ணுங்கள். உண்டபடியே உங்கள் குடும்பத்தில் யார் முதலில் கடல் கடந்தார், எந்த ஊருக்குச் சென்றார், என்ன தொழில் செய்தார் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ‘சபர்’ போன ஒரு பாட்டனார் இருப்பார். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. நாம் சொன்னால்தான் அது நிலைக்கும்.

பெயர் தெரியாத அந்தப் படகோட்டிகளும் சுமைதூக்கிகளும் சிறு வணிகரும் தம் உழைப்பில் மிச்சம் பிடித்து எழுப்பிய தொழுமிடங்களை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவர்களின் கபுறுகளை ஒளிமயமாக்குவானாக. தெருவோடு இசைந்து வாழவும் கிப்லாவிலிருந்து திரும்பாமல் நிற்கவும் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.